இங்கே ஏலே, அங்கே அண்ணாச்சி

பிசானப் போக நெல் நடவுக்கு ஆள் இல்லை என்று ஐப்பசி முழுக்க சித்தப்பா போனில் புலம்பிக்கொண்டிருந்தார். போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனால், வயலில் மேற்கு வங்காளத்துப் பையன்கள் பத்துப் பேர் குனிந்து மளமளவென்று நட்டுக்கொண்டிருக்கிறார்கள். வரப்பில் ஒரு செல்போன், அதில் அவர்கள் ஊர்ப் பாட்டு.

"நம்ம பயலுவளுக்கு உடம்பு வளையல. சோம்பேறியாயிட்டானுவ" என்றார் சித்தப்பா.

சரி, அந்தச் சோம்பேறிகள் எங்கே? திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். சென்னை மளிகைக்கடையில் விடியுமுன் ஷட்டரைத் தூக்கி, ஊர் அடங்கியபின் இறக்குகிறார்கள்.

தாமிரபரணி பாய்கிற எங்கள் பக்கத்திலேயே கார், பிசானம் என்று இரண்டு போகம்தான். பாபநாசம் அணையின் 143 அடியில் பாதிகூட நிரம்பாத வருஷம் கார் சந்தேகம். அறுப்பை மெஷின் எடுத்துக்கொண்டது. மானூர், சங்கரன்கோவில் பக்கம் மானாவாரி, அங்கே நிலைமை இன்னும் மோசம். மிச்ச மாதங்களில் வீட்டில் அடுப்பெரிவது பெண்கள் மடியில் இருக்கும் பீடித்தட்டால். ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு கூலிக் கணக்கு. ஆண்கள் வெளியூர் போன பிறகு வயலும் பீடியும் ரேஷன் கடை வரிசையும் அவர்கள் தலையில்தான்.

ஆனால் கூலி பாதிக் காரணம்தான். மீதியை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அறுபது வயது ஆளை எட்டு வயதுப் பையன் 'ஏலே' என்று கூப்பிட்ட ஊர் இது. (கூட்டாளிகளுக்குள் சொல்லும் பிரியமான 'ஏலே' வேறு.) அந்தப் பையன்களில் நானும் ஒருவன். அப்படிக் கூப்பிடப்பட்டவரின் பேரன் சென்னையில் கடையில் நின்றால், சாமான் வாங்க வருகிறவர் 'அண்ணாச்சி' என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே நானாக இருந்தாலும் ரயில் ஏறியிருப்பேன். மும்பை தாராவிக்குப் போன தலைமுறையும் வயிற்றுக்காக மட்டும் போயிருக்காது. அங்கேயும் சாதி பின்னாலேயே போய்ச் சேர்ந்தது, அது தனிக்கதை.

2020 ஊரடங்கில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். சித்தப்பாவுக்கு அந்த வருஷம் ஆளுக்குப் பஞ்சமில்லை. பழைய குரலிலேயே கூப்பிட்டார். பஸ் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

அன்று பதினொரு மணிக்கு வரப்பில் டீ வந்தது. எங்கள் வயலில் வேலை செய்தவர்களுக்கு ஒரு காலத்தில் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது வீட்டிலிருந்து கண்ணாடி டம்ளர். சித்தப்பாவே தூக்குச்சட்டியைச் சாய்த்து ஊற்றினார். "பாய், குடிங்க பாய்" என்றார். பக்கத்து வயல்காரர் அந்தப் பையன்களுக்கு ஐம்பது ரூபாய் கூடத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.