கெப்பாசிட்டர் வெடித்தால் லேப்பைப் பூட்டுவதா?

எந்தக் கல்லூரி என்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். கடலூர்ப் பக்கம் ட்ரிபிள்ஈ, அதாவது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், இரண்டாம் வருடப் பையன் கெப்பாசிட்டரை, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் அந்தச் சின்னப் பொருளை, பிளஸ் மைனஸ் மாற்றித் தலைகீழாக மாட்டிவிட்டான். டப் என்று வெடித்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை. உடனே அபராதம், லேப்புக்குப் பூட்டு, இனி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் சிமுலேஷன் மட்டும்தான் என்று சர்க்குலர். டீ காசு பெறாத ஒரு பொருளுக்கு என்ன ஒரு நிர்வாகத் திறமை!

சிமுலேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் வகுப்பில் போட்டுக் காட்டுகிறவன்தான். ஆனால் ஒரு சர்க்யூட் நேரம் போகப் போக எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் சிஸ்டம்ஸ் பாடம், கையால் தொடாமல் மண்டையில் ஏறாது. 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு மல்டிமீட்டர், போதும். ரெசிஸ்டர் மதிப்பையும் கெப்பாசிட்டர் மதிப்பையும் பெருக்கினால் டைம் கான்ஸ்டன்ட், கெப்பாசிட்டர் எவ்வளவு வேகத்தில் நிரம்பும் என்பதற்கான அளவு, 10 விநாடி. அதற்குள் பேட்டரி வோல்ட்டில் 63 சதவீதம், அதாவது 5.7 வோல்ட் பக்கம் ஏற வேண்டும். கம்ப்யூட்டரில் அச்சு அசலாக ஏறும். மேசையில் ஒரு குழுவுக்கு 9 விநாடி வரும், இன்னொன்றுக்கு 12. "சார், தப்பா வருது" என்பார்கள். தப்பில்லை, கெப்பாசிட்டரின் மதிப்பே 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று அப்போதுதான் சொல்ல வாய்க்கும். இதற்கான லாப்லாஸ் கணக்கைப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய ஒரு பெண், முதலில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் ஏறும் மீட்டரைப் பார்த்துவிட்டு "நாம எழுதின எக்ஸ்பொனென்ஷியல் இதுதானா சார்?" என்று கேட்டாள். எந்தத் திரையில் வரும் இந்தக் கேள்வி?

பாதுகாப்பு முக்கியமில்லையா என்பீர்கள். முக்கியம்தான். கண்ணாடி கொடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள், துருவம் பார்த்து மாட்டச் சொல்லிக்கொடுங்கள். சிலபஸ் முடிக்கவே நேரமில்லை என்கிறீர்களா? சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுத மட்டும் நேரம் கிடைக்கிறதே! தொடாமல் ஏறாது சார், ஏறவே ஏறாது.

"இன்ஜினியரிங் காலேஜ் என்ன வயர்மேன் வேலை சொல்லிக்கொடுக்கிற இடமா?" என்று இங்கே ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். பேராசிரியராம். அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. எங்கப்பா வயர்மேன் சார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து கடலூரே இருட்டில் கிடந்தபோது, உங்கள் வீட்டு லைட் எரியக் கம்பத்தில் ஏறியது யார்? மோட்டார் சத்தத்தை வைத்தே லோடு கூடிவிட்டது என்று சொல்லக்கூடியவர் அவர். அதைப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். அவரைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

பேராசிரியரே, மறுபடி இங்கே வந்து எனக்குப் பாடம் எடுப்பதாக இருந்தால், பிளஸ் மைனஸ் பார்த்து மாட்ட வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் நெகட்டிவ் கால் எது என்று முதலில் எழுதிவிட்டு ஆரம்பிக்கவும். கூகுள் பார்க்காமல்.