ஃப்ளெக்ஸ் வைப்பதற்கு முன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள்

தருமபுரி நகருக்குள்ளேயே பல்கலைக்கழகக் கட்டடம் வேண்டும் என்று கேட்பவர்கள் பக்கம்தான் நானும். பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை விரிவாக்க மையம் நகருக்கு வெளியே பைசுஅள்ளியில் இருக்கிறது. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கும் தூரத்தில் வகுப்பறை இருந்தால் அதன் அருமையே தனி. ஆனால் "இத்தனை கோடி ஒதுக்கீடு" என்றதும் கைதட்டுவதற்கு முன் ஒன்று கேட்கவேண்டும்: அந்த எஸ்டிமேட் எந்த மனைக்குப் போட்டது?

பெரும்பாலும் எந்த மனைக்கும் போட்டிருக்க மாட்டார்கள். கட்டடப் பரப்பைச் சதுர மீட்டர் விலையால் பெருக்கி ஒரு தொகை. அதற்கு நிர்வாக ஒப்புதல், அரசாணை. மண்ணைத் தோண்டிப் பார்ப்பது அப்புறம். நம்ம ஊர் நிலத்துக்கு இது ஒத்தே வராது. ஒரு மூலையில் மூன்றடியில் பாறை தட்டும், எதிர் மூலையில் பன்னிரண்டு அடி வரை செம்மண்ணும் சுக்கான் கல்லும் வரும். சுமார் ஒரு ஏக்கர் மனை என்றால் நான்கு மூலையிலும் நடுவிலும் மண்ணைச் சோதிக்க ஒவ்வொரு துளை போடுவது இந்தியத் தரநிலை சொல்லும் சாதாரண முறை. ஒரே ஒரு குழி தோண்டி அறிக்கை எழுதினால் என்ன ஆகும்? பாதித் தூண்கள் பாறை மேல், பாதித் தூண்கள் மண் மேல் நிற்கும். மண் பக்கம் மட்டும் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் குறுக்காக விரிசல் ஓடும். அதன் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த வருஷம் அதே இடத்தில் திரும்ப வரும்.

பாறை வந்தாலும் நகருக்குள் வெடி வைக்க முடியாது; சுற்றிலும் வீடும் கடையும். ப்ரேக்கர் வைத்து உடைக்க வேண்டும், அதற்கு ரேட் வேறு. எஸ்டிமேட்டில் "சாதாரண மண் தோண்டுதல்" என்று மட்டும் இருந்தால் ஒப்பந்ததாரர் வேலையை நிறுத்திவிட்டுத் திருத்திய மதிப்பீடு கேட்பார். அந்தக் கோப்பு சென்னை போய்த் திரும்பும்வரை அஸ்திவாரக் குழியில் மழைத்தண்ணீர் நிற்கும்.

இன்னொரு கணக்கு. அரசுக் கட்டட ஒப்பந்தத்துக்கு 2022 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி 18 சதவீதம். வரி உட்பட 10 கோடி என்று அறிவித்தால் வேலைக்கு நிற்பது ஏறக்குறைய 8.47 கோடி. அதிலேயே லிஃப்ட், தீயணைப்புக் குழாய், டிரான்ஸ்ஃபார்மர், ஆய்வக மேஜை எல்லாம் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் திறப்பு விழா நடக்கும், ஆய்வகம் நடக்காது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு போடும் ரூசா (உயர்கல்வித் திட்டம்; 2023-லிருந்து பிஎம்-உஷா) போன்ற திட்டப் பணமாக இருந்தால், முந்தைய தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்தது வராது. அதனால்தான் நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் ராத்திரியிலும் கான்கிரீட் ஓடுகிறது.

தண்ணீரையும் விடாதீர்கள். போர் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. நம்ம ஊர் ஃப்ளோரைடு கம்பியை ஒன்றும் செய்யாது, குடிக்கிற பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும்தான் பிடிக்கும். ஆகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இணைப்புக்கான தொகை முதல் எஸ்டிமேட்டிலேயே இருக்கவேண்டும்.

கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க, 60 கன மீட்டர் ரூஃப் போட்டால் குறைந்தது 5 மாதிரி, மாதிரிக்கு 3 கியூப் (சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி), ஆக 15. பல சைட்டில் நன்றாகக் கலந்த ஒரே லோடிலிருந்து பதினைந்தையும் எடுத்துவிடுவார்கள் (இதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வகமும் தேவையில்லை, கியூபில் எழுதிய நேரத்தைப் பார்த்தாலே போதும்).

பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் மண் பரிசோதனை அறிக்கை, விரிவான எஸ்டிமேட், கியூப் முடிவுகள் மூன்றின் நகலையும் கேட்கலாம். கட்டுமானப் பொருளின் சான்றிட்ட மாதிரி கேட்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. மனுவைப் பொதுப்பணித்துறையின் கட்டடக் கோட்டப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வேலையைப் பல்கலைக்கழகமே எடுத்துச் செய்கிறது என்றால் அங்குள்ள தகவல் அலுவலருக்கு.