இரண்டு கைகளிலும் அழுத்தம் பாருங்கள்

தமனி அடைப்புகளைப் பலூன் மூலம் திறப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கழுத்துத் தமனி அடைப்பை விளக்கிய அளவுக்கு, கைக்குப் போகும் சப்கிளேவியன் தமனியை அது விளக்கவில்லை. ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

என் பெரியப்பா கிணற்றில் நீர் இறைத்தால் இடது கை மரத்துப்போகும், கூடவே தலை சுற்றும். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை மாட்டி அனுப்பினார்கள். பிறகு ஒரு செவிலியர்தான் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். வலது கையில் 150, இடது கையில் 105! அந்தத் தமனி தொடக்கத்திலேயே சுருங்கியிருந்தது. கை வேலை செய்யும்போது, பின்கழுத்து வழியாக மூளைக்கு ஏற வேண்டிய ரத்தம் திசைமாறிக் கைக்கு இறங்கியிருக்கிறது. தொடை வழியாகப் பலூன் செலுத்தி விரித்து, ஸ்டென்ட் (தமனி மீண்டும் சுருங்காமல் தாங்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். அன்று மாலையே இடது மணிக்கட்டில் நாடி நன்றாகத் தெரிந்தது.

பைபாஸ் செய்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இதயத்தில் இணைக்கும் மார்புத் தமனி பெரும்பாலும் இடது சப்கிளேவியனில் இருந்தே கிளைக்கிறது. அங்கே சுருக்கம் வந்தால் நெஞ்சுவலி திரும்பக்கூடும்.

ஆனால், ‘அடைப்பா, உடனே பலூன்’ என்ற கட்டுரையின் தொனியை ஏற்க முடியாது. மண்டைக்குள் இருக்கும் தமனிகளின் கதை வேறு. 2011இல் வெளியான சாம்பிரிஸ் ஆய்வில், தீவிர மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டும் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு 30 நாள்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8 சதவீதம். இதைக் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டாமா?