மூக்குப்பொடிக்கு ஏன் இடமில்லை?

புகைக்காமல் வாயில் அடக்கியோ மூக்கில் உறிஞ்சியோ பயன்படுத்தும் புகையில்லாப் புகையிலையின் வரலாறு பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்த வரலாற்றை அமெரிக்காவின் 'கோபன்ஹேகன்' என்ற வாய்ப்பொடியோடு தொடங்கும் கட்டுரையாளர், அது பிட்ஸ்பர்க்கில் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில் ஸ்வீடனில் யுங்லோஃப் என்பவர் 'எட்டன்' என்ற ஸ்னூஸை (வாயில் அடக்கும் ஈரப்பொடியை) விற்கத் தொடங்கியதையும் சேர்த்திருக்கலாம். இரண்டும் இன்றுவரை கடைகளில் இருக்கின்றன.

1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புகையிலை வணிகத்தில் ஏகபோகமாக இருந்த அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பளித்தபோது, அதன் பிடியிலிருந்த பொடி வணிகம் அமெரிக்கன் ஸ்னஃப், ஹெல்ம், வேய்மன் அண்ட் புரூட்டன் என மூன்றாகப் பிரிக்கப்பட்டதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கோபன்ஹேகன் சென்று சேர்ந்தது மூன்றாவதன் கையில்தான், அதுவே பின்னர் யுனைடெட் ஸ்டேட்ஸ் டொபாக்கோ ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

மற்றொன்று, கட்டுரை வாயில் அடக்கும் வகையை மட்டுமே பேசுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் எங்கள் ஆயா (பாட்டி) முந்தானையில் முடிந்து வைத்திருந்தது மூக்குப்பொடி. துணி துவைக்க வரும் ஜூலு அம்மாவும் அதையே போடுவார் என்பதால், மொழி புரியாத இருவருக்கும் அந்தச் சிறு டப்பியே பேச்சாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்தப் பொடியை விற்றுவந்த ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனத்தின் அந்நாட்டு வணிகம் 2009இலேயே சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் வசமானது; 2022இல் ஸ்வீடிஷ் மேட்சே அதன் வசமானது. சிகரெட்டுக்காரர்கள் இப்போது பொடிக்கும் முதலாளிகள்.