எந்தப் பக்கத்து ரெட்டை?

ரெட்டைப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. கல்யாணப் பந்தி, ரயில் பெட்டி, பள்ளிக்கூட வாசல், எங்கே போனாலும் முதலில் "ட்வின்ஸா?" என்பார்கள், வாயை மூடுவதற்குள் "உங்க பக்கமா, அவர் பக்கமா?" என்பார்கள். மூன்றாவது கேள்வி குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். அதற்குக் கடைசியில் வருகிறேன், அதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு.

எங்கள் வீட்டில் இந்தப் "பக்கம்" விவகாரம் ஒரு வழக்காகவே நடந்தது. எனக்கு ஒரு பெண், ஒரு பையன். பிறந்த அன்றே என் அம்மா, "எங்க தாய்மாமனுங்க ரெண்டு பேரும் ரெட்டை, அந்த ரத்தம்தான்" என்று ஆரம்பித்துவிட்டார். அந்தத் தாத்தாக்களை நானும் பார்த்திருக்கிறேன், ஒரே அச்சு, கடன் கொடுத்தவனே யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் போவானாம். மாமியார் விடுவாரா? அவருடைய அக்காவுக்கும் ரெட்டை, ஆண் ஒன்று பெண் ஒன்று. "எங்க வீட்டு வழி இது, பேரப்பிள்ளைங்க எங்களைக் கொண்டு பிறந்திருக்கு" என்று அவர் சொல்ல, இரண்டு சம்பந்தியும் மருத்துவமனை வராண்டாவிலேயே உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். தையல் வலியோடு படுத்திருந்தவளை யாரும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

சரி, தீர்ப்பைச் சொல்கிறேன். முதலில் ரெட்டையில் இரண்டு வகை உண்டு என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே கருமுட்டை கருவான பிறகு இரண்டாகப் பிரிந்தால் ஒரே மாதிரி இருக்கும் ரெட்டை. இது உலகம் முழுக்க ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 4 என்ற கணக்கில், எந்த நாடு எந்த இனம் என்று பார்க்காமல், ஏறக்குறைய ஒரே சீராக நடக்கிறது. மிக அபூர்வமான சில குடும்பங்களைத் தவிர இது வம்சத்தில் வருவதில்லை, தற்செயல்தான். ஆக என் அம்மாவின் தாய்மாமன்கள் வழக்கிலிருந்து தள்ளுபடி.

இன்னொரு வகை, ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெளிவந்து இரண்டும் தனித்தனியாகக் கருவாவது. இவர்கள் ஒன்றாகக் கருவறையில் இருந்த சாதாரண அண்ணன் தங்கைதான். ஆணும் பெண்ணுமாகப் பிறந்தால் இந்த வகை என்று அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். குடும்பத்தில் வருவது இதுதான். வருவது என்றால் ரெட்டையே வருவதல்ல, ஒரே மாதத்தில் இரண்டு முட்டையை விடும் சுபாவம் வருகிறது. முட்டை விடுவது யார்? பெண். அப்படியென்றால் கணவர் வீட்டில் பத்து ஜோடி ரெட்டை இருந்தாலும் முட்டையை விடுகிற மனைவியின் சினைப்பைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே சேராது. அவர் அந்த மரபணுவைத் தன் மகளுக்குக் கொடுக்கலாம், மகள் பெறும்போது தெரியவரும். "ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ரெட்டை பிறக்கும்" என்று பாட்டிகள் சொல்வது இங்கேயிருந்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. விட்டுவிட்டு வர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, ஆண் வழியாகப் போகும்போது வெளியே தெரியாமல் போகிறது, அவ்வளவே.

1964ல் அமெரிக்காவில் மார்மன் சமயத்தவரின் வம்சாவளிப் பதிவுகளை எடுத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தானே இந்த இரண்டாம் வகை ரெட்டையில் ஒருத்தியாகப் பிறந்த பெண்ணுக்கு 58 பிரசவத்தில் ஒன்று ரெட்டை. அப்படிப் பிறந்த ஆணின் மனைவிக்கு 116ல் ஒன்று, அதாவது மற்ற பெண்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. 2016ல் மரபணு ஆய்வாளர்கள் இதற்குத் தொடர்புடைய இரண்டு மரபணு இடங்களையும் கண்டுபிடித்தார்கள், எஃப்.எஸ்.எச்.பி., ஸ்மாட்3 என்று பெயர். முட்டையை முதிரவைக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது, அதற்குச் சினைப்பை எப்படி அசைந்து கொடுக்கிறது என்பதோடு சம்பந்தப்பட்டவை இரண்டும்.

இந்தக் கணக்குப்படி மாமியாரும் தோற்க வேண்டும் அல்லவா? அங்கேதான் நம்ம ஊர்க் கல்யாணம் குறுக்கே வருகிறது. என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. ரெட்டை பெற்ற அந்த அக்கா என் அப்பாவுக்கும் அக்கா. அந்த மரபணு என் அப்பாவிடமும் சத்தமில்லாமல் இருந்து என்னிடம் வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அத்தை சொன்ன "எங்க வீட்டு வழி" சரிதான், ஆனால் அது அவருடைய பிள்ளை வழியாக வரவில்லை, அண்ணன் வழியாக வந்தது. இதை விளக்கிச் சொன்னேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார். அம்மா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. (சொந்தத்தில் கட்டுவது நல்லதா என்று யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம், மருத்துவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள், நானும் என் பிள்ளைகளுக்குச் செய்ய மாட்டேன்.)

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. பாட்டி காலத்தில் ஒருத்திக்கு ஏழு எட்டுப் பிரசவம். தாத்தாவுக்கு ஐந்து உடன்பிறப்பு என்றால் அந்த ஒரு தலைமுறையிலேயே நாற்பது பிரசவம், பங்காளி வீடுகளையும் சேர்த்தால் நூறு. ரெட்டை என்பது தோராயமாக நூற்றுக்கு ஒன்று நடக்கிற விஷயம். அதனால் எந்தக் குடும்பத்தில் துருவினாலும் ஒரு ஜோடி சிக்கும். அதோடு 35 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். கூடுவதால் இரண்டு முட்டை வெளிவரும் வாய்ப்பும் கூடும், பாட்டிகளின் கடைசிப் பிரசவங்கள் அந்த வயதில்தான் நடந்தன. "உங்க பக்கம் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்று சொல்வதில் ஆச்சரியம் என்ன?

ஊரே ரெட்டையாக இருக்கும் இடங்களும் உண்டு. நைஜீரியாவின் இக்போ ஓராவில், யோருபா மக்களிடம், 1970களில் எடுத்த கணக்கில் ஆயிரம் பிரசவத்துக்கு 45க்கு மேல் ரெட்டை. அங்கே பிள்ளைகளுக்குப் பெயர் யோசிக்கிற வேலையே இல்லை, முதலில் வந்தது தைவோ, அடுத்தது கெஹிந்தே. இதில் கெஹிந்தேதான் மூத்தது என்பார்கள், உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா என்று தைவோவை முன்னால் அனுப்பியதாம். அந்த ஊர்க்காரர்கள் காரணம் கேட்டால் தாங்கள் தின்னும் கிழங்கையும் வெண்டை இலைக் குழம்பையும் காட்டுகிறார்கள். நாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் வாழைப்பழத்தைக் காட்டுகிறோம். கல்யாணமாகாத பெண் தின்றால் ரெட்டை பிறக்கும் என்று என் கையிலிருந்து எத்தனை பழத்தைப் பிடுங்கியிருப்பார்கள்! பக்கத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கொடிஞ்ஞியில் சுமார் இரண்டாயிரம் குடும்பத்துக்குள் நூற்றுக்கணக்கான ஜோடிகள். விஞ்ஞானிகள் வந்து எச்சிலும் முடியும் எடுத்துக்கொண்டு போனார்கள், இதுதான் காரணம் என்று இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. "நார்மலாவே உண்டாச்சா, இல்ல ட்ரீட்மெண்டா?" பல பேருக்கு "உங்க பக்கம் ரெட்டை உண்டா" என்பதே இதைக் கேட்பதற்கான முன்னுரைதான். இல்லை என்று சொன்னால் முகத்தில் ஒரு "ஓஹோ" வரும் பாருங்கள். ரெட்டைகள் உலகம் முழுக்கக் கூடியிருப்பது உண்மை, 1980களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு 9 என்று இருந்தது 2010களில் 12 ஆகியிருக்கிறது, வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் ஜோடி பிறக்கிறது. இதற்குச் சிகிச்சை ஒரு காரணம், தாமதமாகப் பிள்ளை பெறுவது இன்னொரு காரணம். முட்டை வளர மாத்திரை கொடுத்தாலோ, ஐ.வி.எஃப்.ல் இரண்டு கருவை வைத்தாலோ ரெட்டை வரும், பரம்பரைக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. அதனால் என்ன? பிள்ளை பிள்ளைதானே. ஒருத்தி எத்தனை ஊசி போட்டுக்கொண்டாள், எத்தனை முறை தங்காமல் போனது என்பதெல்லாம் பந்தியில் சாம்பார் வரும்வரை பேசுகிற பேச்சா? ஆணிடம் இதை ஒருவரும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரரிடம் "கலக்கிட்டீங்க மாப்ளே" என்று முதுகில் தட்டினார்கள். மேலே சொன்னதை எல்லாம் படித்தவர்களுக்குத் தெரியும், இதில் அவருடைய பங்கு ஒற்றைப் பிள்ளைக்கு எவ்வளவோ அவ்வளவுதான்.

இதைவிட மோசம், "ஒரேயடியா ரெண்டா வச்சிடச் சொல்லு, செலவு மிச்சம்" என்று சிகிச்சைக்குப் போகிற பெண்ணுக்கு யோசனை சொல்வது. ரெட்டைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறைவதற்குள் பிறக்கின்றன. அம்மாவுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தப்போக்கு எல்லாமே கூடுதலாக வரும். குறைமாதப் பிள்ளைகளை இன்குபேட்டரில் வைத்துப் பார்த்த எந்த வீட்டிலும் போய்க் கேளுங்கள், செலவு மிச்சமா என்று.

வயிற்றில் ரெட்டை என்று தெரிந்த பெண்ணிடம் கேட்க வேண்டிய உருப்படியான கேள்வி ஒன்று இருக்கிறது, எங்கள் வீட்டில் அதை ஒருவரும் கேட்கவில்லை: நஞ்சு, அதாவது தாயையும் பிள்ளையையும் இணைக்கும் பிளாசென்டா, ஒன்றா இரண்டா? 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேனில் இது நன்றாகத் தெரியும். இரண்டு பிள்ளைக்கும் ஒரே நஞ்சு என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரத்தம் அதிகமாகப் போய் இரண்டுக்கும் ஆபத்து வரலாம், 16வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும். இரண்டு நஞ்சு இருந்தால் இரண்டாம் வகை ரெட்டைதான் என்றும் முடிவு கட்டிவிட முடியாது, ஒரே மாதிரி ரெட்டைகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குத் தனித்தனி நஞ்சு இருக்கும்.

என் தங்கைக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவளுக்கும் அதே அப்பா என்பதால் இப்போதே "உனக்கும் ரெட்டைதான்டி" என்று கேலி ஆரம்பித்துவிட்டது. ரெட்டை பெற்றவளின் கூடப்பிறந்தவளுக்கு வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் நூற்றுக்கு இரண்டு. மீதி 98ஐ யாரும் பேசுவதில்லை.

அப்புறம், இதைப் படித்துவிட்டு "அப்போ உங்களுக்கு நார்மலா, ட்ரீட்மெண்டா?" என்று கமெண்ட் போடுபவர்களை பிளாக் செய்வேன். இன்பாக்ஸில் கேட்டாலும் அதேதான்.