நெ.து.சு.வின் வீட்டுப் பக்கம்

கல்வியாளர் நெ.து.சுந்தரவடிவேலு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் அவர் பங்கைச் சொன்னதோடு நின்றுவிட்டது. அது வழக்கம்தான், நம்மவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்!

1912-இல் காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர், காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தியதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று தங்கள் பள்ளிக்கு வேண்டியதை ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். வெறும் அரசாணையால் இது நடக்காது; எதிரே நின்று கேட்பவர்மேல் நம்பிக்கை வர வேண்டும்.

அவர் துணைவியார் காந்தம்மாவை முற்றிலும் விட்டுவிட்டீர்களே! சுயமரியாதை இயக்க எழுத்தாளர் குத்தூசி குருசாமியின் மனைவி குஞ்சிதம் அம்மையாரின் தங்கை அவர். சுயமரியாதைத் திருமணம், அதுவும் சாதி கடந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் அரசு வேலையில் இருந்துகொண்டு அப்படி மணம் புரிய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மேடையில் பேசிய சமத்துவத்தை முதலில் சொந்த வீட்டில் நடத்திக் காட்டியவர் என்பதால்தான் எனக்கு அவர்மேல் கூடுதல் மதிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

ஓய்வுக்குப் பின் அவர் எழுதிய தன்வரலாற்றைக் கட்டுரையாளர் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அடுத்த கட்டுரை காந்தம்மாவைப் பற்றியதாக இருந்தால் மகிழ்வேன்.