வான் என்றால் வானம் மட்டுமா?

தரம் 5 படிக்கிற மகளுக்குத் தவணைப் பரீட்சையில் ஒரு பிழை. 'வான்' என்ற சொல்லுக்குக் கருத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'குளம் நிரம்பினால் தண்ணி பாய்கிற இடம்' என்று எழுதியிருக்கிறாள். சிவப்புப் பேனையால் ஒரு கோடு. பக்கத்தில் 'ஆகாயம்'.

அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். சரி, ரீச்சர் சொன்னதுதான் இருக்கிறது. ஆனாலும் மனம் ஆறவில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே இருக்கிற எங்களுக்கு, மாரியில் ஒருவரை ஒருவர் கண்டால் முதல் கேள்வியே "வான் பாயுதோ?" என்பதுதான். மேலே கனகராயன் ஆற்றுப் பக்கம் மழை கொட்டினால், இங்கே வெயில் எறித்தாலும் நெஞ்சு பதறும். 2018 மார்கழியில் வான் கதவுகளைத் திறந்தபோது கண்டாவளைப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு பள்ளிக்கூடங்களுக்கு ஓடியது. நாங்களும்தான். இடுப்பளவு தண்ணி. இவள் அப்போது குழந்தை. வான் என்ற சொல்லை அவள் படித்தது என் தோளில் இருந்து.

எங்கள் பிரதேசமான வன்னிக்கே அகராதி நெருப்பென்றும் ஒரு மரமென்றும் பொருள் சொல்கிறது. (நெருப்பென்றதும் பெரிய பிழையில்லை.)

ஊருக்கு ஊர் பொருள் மாறினால் பரீட்சை வைக்க ஏலாது, அது விளங்குது. ஆனால் பிள்ளை எழுதியதற்குப் பக்கத்தில் 'இதுவும் சரி' என்று இரண்டு சொல் எழுதினால் என்ன குறைந்து போகும்?

சில சொற்களோ, அகராதியில் உள்ள பொருளோடேயே நின்றிருக்கலாம். வண்டு பூவில் தேன் குடிப்பது. 2009இல் யுத்தம் முடியும் முன் இங்கே இருந்தவர்களுக்கு அது வேவு விமானம். வண்டு சுற்றினால் பின்னால் செல் (எறிகணை) வரும், இல்லாவிட்டால் குண்டு போடுகிற கிபிர் விமானம் வரும். கிபிர் என்றால் எபிரேய மொழியில் சிங்கக்குட்டியாம். எங்களுக்கு அது பங்கருக்குள் பாய்வதற்கான சத்தம்.

போன ஆவணியில் பக்கத்து வீட்டில் கலியாணம். படம் எடுக்க ட்ரோன் விட்டார்கள். சின்னதுகள் கத்திக்கொண்டு அதற்குப் பின்னால் ஓடுதுகள். அம்மா கையிலிருந்த பலகாரத் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு, மாமரத்துக்குக் கீழே போய் மரத்தோடு ஒட்டி நின்றுவிட்டா.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை தம்பி. வண்டு சுத்துது."

மகள் மாங்கொப்பை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்க அப்பம்மா? எனக்குத் தெரியேல்லையே."